கருப்பாயி மேல் விழுந்த பழி

கொன்றைக்காட்டுக்கு நடுவே ஒரு சதுப்பு இருந்தது. அதன் அக்கரையில், நாவல் மரத்தடியில், குட்டிகளுக்குப் பள்ளி. கருப்பாயி என்ற எருமைதான் தினமும் காலையில் ஏழெட்டுக் குட்டிகளை முதுகில் ஏற்றிக்கொண்டு, சேற்றில் காலை ஊன்றி ஊன்றி நடந்து, அக்கரை சேர்ப்பாள். ஒரு குட்டியையும் அவள் இதுவரை நழுவ விட்டதில்லை.

செம்பி என்ற புள்ளிமானின் மகள் பொட்டுவும் அதில் போவாள். அன்று காலை மகளை ஏற்றி அனுப்பிவிட்டு, செம்பி மேட்டில் மேயப் போனாள். வாயில் வைத்த புல்லை மென்று முடிக்கவில்லை. காகம் கத்திக்கொண்டு வந்தது.

"செம்பி! உன் மகள் எருமை முதுகிலிருந்து விழுந்துவிட்டாளாம்! கால் நான்கும் உதறுகிறதாம்! வாயில் நுரையாம்!"

செம்பிக்கு உயிரே போய்விட்டது. "ஐயோ! எங்கே இருக்கிறாள்?"

"மேலைக்குட்டைக்குத் தூக்கிப் போயிருக்கலாம்! கரடி வைத்தியர் குகை அங்கேதானே இருக்கிறது!"

செம்பி பிடித்தாள் ஓட்டம். பாதி வழியில் நரி குறுக்கே வந்தது.

"நில்லம்மா! எருமை குட்டிகளுக்கு அரளி இலையைத் தின்னக் கொடுத்ததாமே?"

"யார் பார்த்தது?"

"காடே சொல்கிறதே!"

செம்பி அதை விலக்கிவிட்டு ஓடினாள். அடுத்த திருப்பத்தில் மயில் கழுத்தை நீட்டியது. "காலையில் பிள்ளைக்கு என்ன கொடுத்தாய்? கண்ட பழத்தையும் தின்ன விட்டிருப்பாய். பெற்றால் போதுமா, பார்த்து வளர்க்க வேண்டாமா?"

செம்பி அதைத் தாண்டிக் குதித்து ஓடினாள்.

மூச்சிரைக்க மேலைக்குட்டைக்கு வந்தால், அங்கே பொட்டு இல்லை. குகை வாசலில் வைத்தியரின் மனைவி மட்டும் நின்றாள்.

"இங்கே ஏன் வந்தாய் செம்பி? முயல் குட்டி வந்து சொன்னதும் அவர் சதுப்புக் கரைக்கு ஓடினாரே! உன் மகள் அங்கேதான் இருக்கிறாள்!"

வந்த வழி முழுவதும் திரும்ப ஓட வேண்டியிருந்தது.

சதுப்புக் கரையில் காடே கூடிக் கிடந்தது. நடுவில் கருப்பாயி அசையாமல் நின்றாள். அவளுடைய நான்கு கால்களுக்கு இடையே, நிழலில், பொட்டு படுத்திருந்தாள்.

"குட்டிக்கு விஷம் வைத்த எருமை!" என்று மரக்கிளையிலிருந்து கத்திய குரங்கு ஒரு கல்லை வீசியது. கருப்பாயியின் இடக்கண்ணிலிருந்து முன்பே பட்ட கல்லால் இரத்தம் வழிந்துகொண்டிருந்தது. விலகினால் கல் குட்டி மேல் விழும். அதனால் அவள் விலகவில்லை.

கூட்டத்துக்குப் பின்னால் கரடி வைத்தியர் பச்சிலையோடு தவித்துக்கொண்டிருந்தார். "வழி விடுங்கள்! வழி விடுங்கள்!"

வழி விடுவதற்குப் பதிலாக எல்லோரும் அவரையே சூழ்ந்துகொண்டார்கள். "வைத்தியரே, அரளிதானே?" "இல்லை, பாம்புக்கடிதானே?"

செம்பி தலையைக் குனிந்தாள். ஒரே பாய்ச்சல்! முட்டிய முட்டில் பன்றி ஒரு பக்கமும் நரி ஒரு பக்கமும் உருண்டன. அந்த இடைவெளியில் வைத்தியரும் உள்ளே வந்தார்.

பொட்டு மெல்லக் கண்ணைத் திறந்தாள். "அம்மா, எவ்வளவு நேரம் கூப்பிட்டேன்! ஏன் வரவில்லை?"

செம்பி மகளின் நெற்றியை நக்கிக்கொண்டே இருந்தாள்.

"அவள் விழவில்லை, செம்பி," என்றாள் கருப்பாயி. "சேற்றில் இறங்கும் முன்பே முதுகில் உதறல் தெரிந்தது. மண்டியிட்டு இறக்கினேன். மூக்கால் புரட்டி ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். வாயில் யாரும் எதையும் திணிக்க விடவில்லை. முயலை வைத்தியரிடம் அனுப்பினேன். உன்னைக் கூட்டிவரக் குரங்கை அனுப்பினேனே, வரவில்லையா?"

எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். குரங்கு கையிலிருந்த கல்லை மெல்ல முதுகுக்குப் பின்னால் மறைத்தது.

"வழியில் எல்லோரும் என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று கேட்டார்கள்... சொல்லிக்கொண்டிருந்தேன்."

வைத்தியர் பொட்டுவின் நாடியைப் பார்த்துவிட்டு எழுந்தார். "வந்தது வலிப்பு. எதனால் வந்தது என்று இப்போது சொல்ல முடியாது. சில நாள் பார்க்க வேண்டும்."

"உங்களுக்கே தெரியவில்லையா?" என்றது நரி.

"தெரியவில்லை. இந்தக் காட்டில் தெரியாதவன் நான் ஒருவன்தான் போலிருக்கிறது!"

செம்பி கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

"அரளியைப் பார்த்தது யார்?"

நரி மயிலைப் பார்த்தது. மயில் காகத்தைப் பார்த்தது.

"நான் 'இருக்கலாம்' என்றுதானே சொன்னேன்!" என்றது காகம்.

"உன் 'இருக்கலாம்' என்னை மேலைக்குட்டைக்குத் துரத்தியது! என் பிள்ளை கண் செருகிக் கிடந்தபோது நான் பக்கத்தில் இல்லை! அந்த நேரத்தை உன்னால் திருப்பித் தர முடியுமா?"

"ஏதோ ஓர் அக்கறையில்..." என்று இழுத்தது நரி.

"அக்கறையா? இத்தனை பேர் நிற்கிறீர்கள், ஒருவர் ஓர் இலையில் தண்ணீர் கொண்டுவந்தீர்களா? அக்கறை உள்ளவள் அதோ, இரத்தம் ஒழுக நிற்கிறாள்! போங்கள் இங்கிருந்து!"

ஒவ்வொருவராக நழுவினார்கள்.

பத்து நாளில் பொட்டு எழுந்து நடந்தாள். கருப்பாயியின் இடக்கண் மட்டும் தெளியவே இல்லை. ஒற்றைக் கண்ணால் சேற்றின் ஆழத்தை அளக்க முடியாது என்று அவள் குட்டிகளை ஏற்றுவதை நிறுத்திவிட்டாள். குரங்கும் நரியும் தங்கள் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு கரையில் வந்து கெஞ்சின.

"ஒரு குட்டி விழுந்தால்கூட என்னால் தாங்க முடியாது," என்று மட்டும் சொன்னாள் கருப்பாயி.

நாவல் மரத்தடி வெறிச்சோடிப் போனது. செம்பி தினமும் கருப்பாயிக்கு இடப்பக்கமாக, அந்தக் குருட்டுக் கண்ணின் பக்கமாகவே, மேய்ந்தாள்.

ஆபத்தில் கிடக்கும் குழந்தைக்கு உதவ முடியாதவர்கள், வழியை விட்டு விலகி வாயையாவது மூடிக்கொள்ள வேண்டும்.