சாய்கோட்டில் சிக்கிய முறுக்குக் கடை

மணப்பாறையில் லூர்து அண்ணன் நடத்திய கம்ப்யூட்டர் கம்பெனியில் மூன்று பேர் வேலை பார்த்தார்கள்: பிச்சையப்பன், சடகோபன், அமலோற்பவம். சொன்னதைச் சொன்னபடியே செய்வதில் மூவரையும் மிஞ்ச ஆளில்லை. ஆபத்தே அதுதான்.

ஆயிஷா அக்காவின் முறுக்குக் கடைக்கு இணையத்தில் தீபாவளி ஆர்டர் தொடங்கிய காலை அது. ஒரே சர்வரில் துணிக்கடை ஒன்றும் இருந்ததால், அக்கா கடையின் முகவரியில் ‘/முறுக்கு’ என்று சேர்த்திருந்தார்கள். வாசலில் நிற்கும் சர்வருக்கு அது தெரியும். உள்ளே கடையை நடத்தும் பைத்தான் நிரலுக்குத் தெரியாது. வந்தவர்களையெல்லாம் “அப்படி ஒரு பக்கமே இல்லை” என்று விரட்டியது.

மச்சினன் கல்யாணத்தில் இருந்த லூர்து அண்ணன், பேண்டு சத்தத்துக்கு நடுவே போனில் கத்தினார். “முறுக்குன்னு வந்தா வெட்டிட்டு மிச்சத்தை உள்ள அனுப்புங்க! கடைசியில ஒரு சாய்கோடு போடுங்க! அதிகமா இருந்தா எடுத்துடுங்க!”

பிச்சையப்பன், முகவரியின் கடைசியில் சர்வர் ஒரு சாய்கோடு போடும்படி செய்தான். அந்தக் கோடு அதிகம் என்று பட்டதால் சடகோபன், நிரல் அதை எடுக்கும்படி செய்தான். வந்தவரை சர்வர் கோடு போட்டு உள்ளே அனுப்பியது. நிரல் கோட்டை எடுத்து வாசலுக்கே அனுப்பியது. மறுபடி கோடு, மறுபடி வாசல்.

ஆயிஷா அக்கா போன் செய்தார். “ஏம்ப்பா, அண்டா அண்டாவா மாவு பிசைஞ்சு வச்சிருக்கேன். கடை சுத்திக்கிட்டே இருக்குதுங்கறாங்க!”

“முறுக்குக் கடைன்னா சுத்தத்தானேக்கா செய்யும்?” என்றான் சடகோபன்.

போனை வைத்ததும் விவாதம் தொடங்கியது.

“நான் போடுறதை நீ ஏன் எடுக்கிற?”

“நீ போடுறதாலதான். இல்லாததை எப்படி எடுப்பேன்?”

அமலோற்பவம் தீர்ப்புச் சொன்னாள். “சண்டை வேணாம். காலையில அவன் போடட்டும், மத்தியானம் நீ எடு.”

காலை என்பதால் சடகோபன் எடுப்பதை நிறுத்தினான்; அதிசயமாகச் சுற்றல் நின்றது. அடுத்து அவள் வேலை, வெட்டுவது.

“முறுக்கு எங்க வந்தா வெட்டணும்?” என்று கேட்டாள்.

“அண்ணன் இடம் சொல்லலையே. எங்க வந்தாலும்தான்” என்றான் பிச்சையப்பன்.

முகவரியில் வெட்டினாள். கை நிற்கவில்லை, கடைப் பக்கத்தில் இருந்த ‘முறுக்கு’ என்ற சொல்லையெல்லாம் வெட்டினாள். கடை பளிச்சென்று திறந்தது. மேலே கொட்டை எழுத்தில்: ‘அசல் மணப்பாறை, கிலோ கணக்கில் கிடைக்கும்!’

ஆர்டருக்கென்று அதில் கொடுத்திருந்த கம்பெனி போன் உடனே அடித்தது. பிச்சையப்பன் எடுத்தான்.

“கோயம்புத்தூர்லேர்ந்து பேசறேங்க. நம்ம மில்லுல எல்லாருக்கும் மணப்பாறை வேணும்.”

பிச்சையப்பன் போனைக் கையால் பொத்திக்கொண்டான். “ஊரைக் கேட்கிறாரு!”

“போட்டாச்சு, இல்லைன்னு சொல்ல முடியாது” என்றான் சடகோபன். “நாம குடியிருக்கோம்னு மட்டும் சொல்லிடு.”

சொன்னான். மில்காரர் அடுத்ததைக் கேட்டார். “இருந்துக்குங்க. மொறுமொறுன்னு இருக்குமில்ல?”

பிச்சையப்பன் அதையும் சடகோபனிடம் கேட்டான். சடகோபன் ஜன்னலைத் திறந்து, கொட்டுகிற ஐப்பசி மழையில் கையை நீட்டிப் பார்த்தான்.

“நல்லா நமுத்துப் போயிருக்கு. சித்திரை வெயில்ல வாங்கிக்கச் சொல்லு.”