அத்திமரத்துத் தம்பதியின் புது ஒப்பந்தம்

மலைக்காட்டின் நடுவே பெரிய அத்திமரம் ஒன்று இருந்தது. வருஷம் முழுக்கக் காய்க்கும் மரம் அது. வைரமூக்கன், பொன்னலகி என்ற இருவாச்சிப் பறவைத் தம்பதிக்குச் சொந்தம். "மரத்தில் ஆளுக்குப் பாதி" என்று கல்யாணத்தன்றே ஒப்பந்தம் பேசியிருந்தார்கள். காட்டிலேயே பெரிய பணக்காரர்கள் அவர்கள்தான். அந்த மிதப்பும் இருவருக்கும் கொஞ்சம் அதிகம்தான்.

இருவாச்சிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. முட்டையிடும் காலத்தில் பெண் பறவை மரப்பொந்துக்குள் போய், வாசலை மண்ணால் பூசி அடைத்துக்கொள்ளும். ஒரு சின்னக் கீறல் மட்டும் திறந்திருக்கும். அதன் வழியாக ஆண் பறவை பழம் ஊட்டும். உள்ளே இருப்பவளுக்கு இறகுகள் உதிர்ந்து புதிதாக முளைக்கும்வரை பறக்கவும் முடியாது. பொன்னலகியும் அப்படித்தான் அடைபட்டிருந்தாள். அவளுடைய இரண்டு குஞ்சுகளும் அப்போதுதான் பொரிந்திருந்தன.

ஒரு நாள் வைரமூக்கன் வெறும் அலகோடு நடுங்கிக்கொண்டு வந்தான்.

"என்னங்க, உடம்பு சரியில்லையா?"

"மோசம் போயிட்டோம் பொன்னு! மைனாக்கள் என்மேல வழக்குப் போட்டிருக்காங்க!"

விஷயம் இதுதான். அத்திமரத்தின் காய்ந்த கிளையில் சில மைனாக்கள் குடியிருந்தன. அவை பழம் தின்பதைப் பொறுக்காத வைரமூக்கன், அந்தக் கிளையை மிதித்து முறித்துவிட்டான். மைனாக்களின் முட்டைகள் எல்லாம் உடைந்துபோயின. வைரமூக்கனின் பாதி மரத்தை நீதிபதி யானை மைனாக்களுக்கே கொடுத்துவிடும் என்று காடே பேசிக்கொண்டது.

பொன்னலகி கீறல் வழியாக அலகை நீட்டினாள். "ஐயோ, பாதி மரம் போயிடுமா?"

அப்போது வைரமூக்கனின் பின்னாலிருந்து வக்கீல் மரநாய் தலையை நீட்டியது. "பயப்படாதீங்கம்மா! பழைய ஒப்பந்தத்தை மாத்திடுவோம். மரம் முழுக்க உங்களுது. இவர் உங்களுக்கு யாருமே இல்லை. ஒண்ணுமே இல்லாதவர்கிட்ட யானை எதைப் பிடுங்கும்?"

"அவர் என் புருஷனாச்சே!"

"எல்லாம் பேருக்குத்தானே! வழக்கு முடிஞ்சதும் பழையபடி இருந்துக்கலாம்."

அவளுக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் கைவிட்டுப் போகப்போகும் பாதி மரம் கண்ணுக்குள்ளேயே நின்றது. சரி என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் அத்திமரத்தடியில் சபை கூடியது. யானை அண்ணாந்து பார்த்துக் கேட்டது: "பொன்னலகி, இவன் உனக்கு யார்?"

"யாரோ ஒருத்தர்!" என்று கீறல் வழியாகக் குரல் வந்தது. "மரம் எனக்கு மட்டும்தான் சொந்தம்."

மைனாக்கள் அழுதன. யானை தீர்ப்புச் சொன்னது. "அப்படியானால் இவனிடம் வாங்க ஒன்றுமில்லை. வழக்கு தள்ளுபடி! ஆனால் அடைபட்ட தாய் இருக்கும் மரத்தை அந்நிய ஆண் நெருங்கக் கூடாது என்பது காட்டுச் சட்டம். இவன் இனி இங்கே வரக் கூடாது. கரிச்சான் குருவிகளே, காவல் இருங்கள்!"

வைரமூக்கன் எதையோ சொல்ல அலகைத் திறந்தான். மரநாய் அவன் காலை மிதித்தது. உடனே மூடிக்கொண்டான்.

அன்றைக்கே அவன் பழத்தோடு வந்து பார்த்தான். கரிச்சான்கள் அவனைக் கொத்தித் துரத்தின. "அந்நியனுக்கு இங்கே என்ன வேலை?"

மறுநாளும் பழம் வரவில்லை. வெளியே கிளை கிளையாகப் பழுத்துத் தொங்கியது. உள்ளே குஞ்சுகள் பசியில் கத்தின. உண்மையைச் சொல்லிவிடலாமா என்று பொன்னலகி நினைத்தாள். சொன்னால் பாதி மரம் போய்விடுமே! இன்னும் ஒரு நாள் பார்ப்போம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். பறவைக்கு ஏது பல் என்று கேட்காதீர்கள். அவ்வளவு பிடிவாதம்!

அடுத்த நாள் அந்தியில் குஞ்சுகளின் சத்தம் தேய்ந்துபோனது. கரிச்சான்கள் வைரமூக்கனைத் துரத்திக்கொண்டு ஓடைக்கு அப்பால் போயிருந்தன. அப்போது வாசலில் ஏதோ பிறாண்டும் சத்தம் கேட்டது. மண் பொலபொலவென்று உள்ளே உதிர்ந்தது. கீறலில் ஒரு கண் தெரிந்தது.

"யாரது?"

"நான்தாம்மா, மரநாய்."

"நீங்க எங்க வக்கீலாச்சே!"

"நான் அவருக்குத்தான் வக்கீல். அவர்தான் உங்களுக்கு யாரோ ஆச்சே!" என்றது மரநாய். அதன் நகம் இன்னும் ஆழமாக இறங்கியது.

பொன்னலகி பொந்தின் மூலைக்குப் பின்வாங்கினாள். குஞ்சுகளை இறகில்லாத உடம்பால் மறைத்துக்கொண்டு, தொண்டை கிழியக் கத்தினாள். "நான் சொன்னது பொய்! அவர் என் புருஷன்! மரம் ரெண்டு பேருக்கும் சொந்தம்! மைனாக்களுக்குப் பாதியைக் கொடுத்துடறோம்! யாராவது வாங்களேன்!"

முதலில் வந்தவை மைனாக்கள்தான். கூட்டமாகப் பாய்ந்து மரநாயின் கண்ணையும் காதையும் கொத்தின. பின்னாலேயே கரிச்சான்கள் வந்தன. மரநாய் பிடி நழுவிக் கீழே விழுந்து ஓடியே போனது.

வைரமூக்கன் மூச்சிரைக்கப் பறந்து வந்தான். இம்முறை யாரும் தடுக்கவில்லை. உடைந்த வாசல் வழியாகப் பழத்தை நீட்டினான்.

"பசங்களுக்கு முதல்ல கொடு, பொன்னு!"

பொன்னலகி குஞ்சுகளின் வாயருகே பழத்தைக் கொண்டுபோனாள். இரண்டில் ஒரு வாய்தான் திறந்தது; மற்றக் குஞ்சு குளிர்ந்து கிடந்தது.

பிறருக்குத் தர வேண்டியதைத் தராமல் தப்பிக்க உறவையே இல்லை என்று சொல்பவர்களுக்கு, ஆபத்து வரும் நேரத்தில் அந்த உறவு உதவாமலே போய்விடும்.