வீட்டுக்காரர் கையில் சாவி

பூட்டு ரிப்பேர் காசிமின் கடை ஏகாம்பரத்தின் கட்டடத்தில் இருந்தது. அவர் கூப்பிட்டால் காசிம் போய்த்தான் ஆகவேண்டும்.

"கீழ்வீட்டுக் குடித்தனம் கல்யாணத்துக்குப் போயிருக்கு. அவங்க சாவி சேராதபடி பூட்டை மாத்திடு, வந்து தெருவுல நிக்கட்டும்" என்றார் ஏகாம்பரம். "நான் மாடியில தூங்கப் போறேன், எழுப்பாதே. புதுச் சாவி வீட்டுக்காரர் கைக்குத்தான் போகணும். வேற யார்கிட்டயாவது போச்சு, உன் கடை காலி."

வாசலில் ஒரு குழந்தையின் செருப்பு கிடந்தது. காசிம் பூட்டைக் கழற்றி, உள்ளே இருந்த லீவர் தகடுகளை மாற்றிப் பொருத்தினான்.

வேலை முடிகிற நேரத்தில் குடித்தனக்காரி ரோஸ்லின் ஆட்டோவில் வந்து இறங்கினாள். கூடவே குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவன்.

"இவர் யாரும்மா?"

"என் வீட்டுக்காரர்."

காசிம் புதுச் சாவியை அவன் கையில் கொடுத்துவிட்டு, படியிலேயே உட்கார்ந்துகொண்டான்.

ஏகாம்பரம் தூங்கி எழுந்து இறங்கி வந்தபோது கீழ்வீட்டில் குக்கர் விசில் அடித்தது.

"சாவி எங்கடா?"

"நீங்க சொன்னபடி வீட்டுக்காரர்கிட்ட கொடுத்துட்டேன் சார். அந்தம்மாவையே கேளுங்க."

"நான்தாண்டா அவளுக்கு வீட்டுக்காரன்!" தெருவுக்கே கேட்கும்படி கத்தினார் ஏகாம்பரம்.

மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த அவர் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"அப்ப நான் யாருங்க?"