கச்சைத் துணியின் வலது முனை

பூவராகன் சார் எங்கள் குழுவில் வந்து சேர்ந்தபோது அவருக்கு அறுபது வயது. வாத்தியாரம்மா செங்கமலத்துக்கு முப்பத்தெட்டு. கல்லூரியில் நாடக வரலாறு நடத்தி ஓய்வு பெற்ற மனுஷன், மகள் வயதுப் பெண்ணிடம் சீடனாக வந்து உட்கார்ந்தார். அந்த ஒரு காரியத்துக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். மற்றபடி அவர் தொணதொணப்பு தாங்காது.

தினமும் ஒரே கேள்விதான்.

"வாத்தியாரம்மா, நாடகம் எப்பம்மா பிறந்துச்சு?"

"உங்களுக்குத் தெரியாததா சார்?"

அவருக்குத் தெரியாதது என்ன இருக்கிறது! அந்தக் காலத்து அரங்கம் எத்தனை கோல் அகலம், எத்தனை திரை, எந்த ராஜா எந்தக் கூத்தனுக்கு நிலம் கொடுத்தான், கிரேக்க தேசத்தில் எந்த சாமிக்கு ஆடினார்கள், கம்பெனி நாடகம் எந்த வருஷம் எந்த ஊர் கொட்டகைக்கு வந்தது, எல்லாம் நோட்டில் இருந்தது. புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். எட்டு அத்தியாயம் முடித்தாயிற்று. முதல் அத்தியாயம் மட்டும் வரவில்லை.

"அது வராம நான் போனா என் கட்டை வேகாது" என்பார்.

வாத்தியாரம்மா பதிலுக்கு ஒரு வேலை கொடுத்தார்.

"கச்சைத் துணியில வலது முனையைப் பிடிங்க."

நாங்கள் ஆடுவது இரணியன் நாடகம். தூணைப் பிளந்துகொண்டு நரசிம்மம் வரும்போது, அந்த வேஷக்காரரின் இடுப்பில் பன்னிரண்டு முழம் மஞ்சள் துணி சுற்றியிருக்கும். அதன் இரண்டு முனையையும் பின்னால் இரண்டு பேர் பிடித்துக்கொள்ள வேண்டும். அவர் இரணியன்மேல் பாய்வார், நாங்கள் இழுத்து நிறுத்துவோம். இடது முனை என்னுடையது. பத்தொன்பது வருஷமாக.

சார் இதை நோட்டில் எழுதிக்கொண்டார். நான் எட்டிப் பார்த்தேன். 'வெறும் சடங்கு. பழைய நம்பிக்கையின் மிச்சம்.'

நாற்பது நாள் ஒத்திகை. ஒத்திகையில் சிங்க முகம் கிடையாது. அது கோயிலில் இருக்கும், ஆட்டத்தன்றுதான் வெளியே வரும். நரசிம்ம வேஷக்காரர் அய்யாக்கண்ணு ஊர்த் தபால்காரர். சாக்கடையைத் தாண்டுகிற மாதிரி மெதுவாக ஒரு தாண்டு தாண்டுவார். சார் துணியை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு மற்ற கையால் நோட்டைப் புரட்டுவார்.

"சார், கையில ரெண்டு சுத்து சுத்திக்கங்க."

"அட போப்பா. அய்யாக்கண்ணு ஈ எறும்பைக்கூட மிதிக்காத ஆளு."

ஆட்டத்தன்று மாலை. கோயில் வாசல் முழுக்க ஜனம். ஐந்து நாள் விரதமிருந்த அய்யாக்கண்ணுவுக்குக் கற்பூரம் காட்டி மர முகத்தைக் கட்டினார்கள். கட்டினதும் அவர் மூச்சு மாறியது. எத்தனை வருஷம் ஆனாலும் அந்த மூச்சைக் கேட்டதும் துணி முனையை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன்.

இரணியனாக ஆடிய கலியபெருமாள் தூணை உதைத்தான். காகிதத் தூண் கிழிந்தது.

அய்யாக்கண்ணு பாய்ந்தார்.

துணி என் உள்ளங்கையை உரித்துக்கொண்டு ஓடியது. ஐயோ, இது என்ன பாரம், வலது பக்கம் என்ன ஆச்சு என்று திரும்பினால், பூவராகன் சார் துணியைப் பிடித்திருக்கவில்லை. இரண்டு கையும் தலைக்கு மேல் கூப்பியிருந்தது. கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர். நாற்பது வருஷமாகக் கோயில் படி ஏறினதில்லை என்று என்னிடம் பெருமையடித்த மனுஷன்!

கலியபெருமாள் மல்லாந்து கிடந்தான். அலறினான். அது நிஜ அலறல். ஜனத்துக்கு எங்கே தெரியும்? 'கோவிந்தா' என்று ஒரே கோஷம். பெண்கள் குலவை போட்டார்கள். அந்தச் சத்தத்துக்குள் ஒரு மனுஷன் செத்துக்கொண்டிருந்தான்.

ஆறு பேர் சேர்ந்து இழுத்தோம். முகத்தை அவிழ்த்தோம். அய்யாக்கண்ணு வெட்டின வாழையாகச் சரிந்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கண் திறந்து, "ஆட்டம் முடிஞ்சுதா?" என்றார். பிறகு தன் நகத்தைப் பார்த்தார்.

"இது யாரு ரத்தம்?"

கலியபெருமாளைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்தார். அவர் குழந்தை மாதிரி அழத் தொடங்கினார்.

கலியபெருமாளுக்குக் கழுத்தில் ஐந்து தையல். இன்னும் இரண்டு விரற்கடை தள்ளியிருந்தால் குரல்வளை என்றார் டாக்டர்.

வேஷம் கட்டும் கொட்டகைக்குத் திரும்பினோம். கலியபெருமாள் ஜமுக்காளத்தில் சாய்ந்திருந்தான். சார் ஒரு மூலையில். வெள்ளிக்கிழமை அடுத்த ஊரில் ஆட்டம்.

கலியபெருமாளுக்குக் குரல் கம்மியிருந்தது.

"வாத்தியாரம்மா, வலது முனை யாருன்னு இப்பவே சொல்லிடுங்க. இல்லாட்டி கிரீடத்தை வேற தலையில வையுங்க. எனக்கு ரெண்டு பொம்பளைப் புள்ளைங்க."

"என்னை அனுப்பிடுங்கம்மா" என்றார் சார். "கொலை பண்ணப் பார்த்தேன்."

வாத்தியாரம்மா அவர் எதிரே வந்து உட்கார்ந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டினால் தேவலை என்றும் இருந்தது.

"ஏன் விட்டீங்க?"

"நான் விடலம்மா. கை தானா மேல போயிடுச்சு."

"யாரைக் கும்பிட்டீங்க? அய்யாக்கண்ணுவையா?"

"இல்ல."

"மர முகத்தையா?"

"இல்ல."

"பின்ன?"

சார் தன் இரண்டு உள்ளங்கையையும் விரித்துப் பார்த்தார்.

"ஒத்திகையில ஒரு நாளாச்சும் கை மேல போச்சா?"

"இல்லம்மா. வெறும் சடங்குன்னு எழுதி வச்சிருக்கேன். அதைக் கிழிச்சுப் போட்டுடறேன்."

"கிழிக்காதீங்க. பக்கத்துல இன்னைத் தேதியைப் போடுங்க."

பிறகு வாத்தியாரம்மாவே சொன்னார்.

"ஒரு ஊர்ல முதல் தடவையா ஒருத்தன் சிங்க முகம் கட்டினான். எதிர்ல இருந்தவனைக் கிழிச்சே போட்டுட்டான். ஊரே கும்பிட்டுக்கிட்டு நின்னுச்சு. அடுத்த வருஷம் முகம் கட்ட ஆள் இருந்தான். எதிர்ல நிக்க ஆள் வரல. யார் வருவா? அப்ப கூட்டத்துலேருந்து ஒருத்தன் துணியோட வந்தான். 'நீ தைரியமா நில்லு, நான் பின்னாடி பிடிச்சுக்கறேன்'னான். நீங்க தினம் கேட்டீங்களே சார், அந்தப் பிறந்த நாள் அதுதான்."

சொல்லிவிட்டு, ரத்தக்கறை பட்ட துணியை எடுத்து அதன் வலது முனையை சார் மடியில் வைத்தார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "வாத்தியாரம்மா, என்ன இது!" என்றேன்.

"கேக்க வேண்டியவன் அவன்" என்று கலியபெருமாளைக் காட்டினார். "கழுத்து அவனுது."

கலியபெருமாள் சாரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வெள்ளிக்கிழமையும் கை மேல போகுமா சார்?"

சார் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"போகப் பார்க்கும் தம்பி."

கலியபெருமாள் கழுத்துக் கட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

"அப்ப நல்லா சுத்திக்கங்க" என்றான்.

சார் துணியை மணிக்கட்டில் சுற்றினார். ஒரு சுற்று. இரண்டு. மூன்றாவது சுற்றில் நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"அந்த முதல் ஆளும்மா, துணியோட வந்தவன். அவனுக்குக் கும்பிடத் தோணலையா?"

"கும்பிடாமலா இருந்திருப்பான்?" என்றார் வாத்தியாரம்மா. "கைதான் காலியா இல்ல."