மூச்சை இழுத்து விடு, ஆள்காட்டி!

காட்டோரத்து ஏரி கோடையில் பாதி வற்றிக் கிடந்தது. அதன் கரையில் ஒரு சரளைக்கல் மேடு. அங்கே ஓர் ஆள்காட்டிக் குருவி நாலு முட்டை இட்டிருந்தாள்.

ஆள்காட்டிக்குக் கூடு கட்டும் பழக்கமெல்லாம் கிடையாது. வெறுந்தரையில், கல்லோடு கல்லாக முட்டையிடுவாள். வெயில் ஏறினால் தண்ணீரில் வயிற்றை நனைத்துக்கொண்டு ஓடிவந்து முட்டைகளின் மேல் உட்காருவாள். யாராவது பக்கத்தில் வந்தால் சிறகை விரித்துத் தொண்டை கிழியக் கத்துவாள். அவளுக்குத் தெரிந்த காவல் அது ஒன்றுதான்.

அந்த மேட்டின் வழியாகத்தான் மந்தையப்பன் என்ற எருமைக்கடா சேற்றுக்குப் போகும். காலையில் போகும், மாலையில் திரும்பும். குறுக்கு வழியாயிற்றே! ஒவ்வொரு தடவையும் அதன் குளம்பு முட்டைகளுக்கு நேரே வரும். ஆள்காட்டி கத்துவாள். கடா முகத்தைச் சுளித்துக்கொண்டு அரை அடி விலகும்.

ஒருநாள் கடா நின்றேவிட்டது.

“ஏம்மா, உனக்கு இவ்வளவு டென்ஷன் ஆகாது! உடம்பு என்னத்துக்கு ஆகும்? என்னைப் பாரு, என்னைக்காவது பதறியிருக்கேனா?”

“உங்க முட்டையை யாராவது மிதிக்க வந்தா நீங்களும் பதறுவீங்கண்ணே!”

“பார்த்தியா, இந்தப் பேச்சே டென்ஷன்தான்! நாளைக்கு நம்ம மன அமைதி வகுப்புக்கு வந்துடு.”

மன அமைதியில் கடாவை அடித்துக்கொள்ள அந்தக் காட்டில் ஆளில்லை. பொழுதுக்கும் சேற்றில் படுத்துக் கிடப்பதற்குத் தவம் என்று பெயர் வைத்து, சீடர்களையும் சேர்த்துவிட்டது. தலைமைச் சீடர் ஓணான். கடா எது சொன்னாலும் தலையாட்டுவார். வேறென்ன தகுதி வேண்டும்?

ஆள்காட்டி போவதாகவே இல்லை. ஆனால் காடே அவளைப் பிடித்துக்கொண்டது. “நீ கத்துற கத்துல எங்களுக்கெல்லாம் பிரஷர் ஏறுது தாயே!” என்றார்கள். அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. ‘ஒருவேளை கோளாறு நம்மகிட்டதானோ?’ பாவம், மறுநாள் போய் நின்றாள்.

“கண்ணை மூடு,” என்றது கடா.

“மூடினா முட்டையை யாருண்ணே பார்க்கிறது?”

“மூடும்மா! மூச்சை இழு. மெதுவா விடு. உனக்குப் பிடிச்ச ஓர் இடத்தை நினைச்சுக்கோ.”

நினைத்தாள். சரளை மேடு வந்தது. முட்டைகள் வந்தன. பின்னாலேயே குளம்பும் வந்தது. வீலென்று கத்திவிட்டாள்.

ஆமை அக்கறையோடு பக்கத்தில் வந்தது. “இதுக்கு ஏன் இவ்வளவு பாடு? கவலை வந்தா தலையை ஓட்டுக்குள்ள இழுத்துக்கோ. நான் அப்படித்தான் செய்யறேன்.”

“எனக்கு ஓடு இல்லையே!”

“அதான் உன் பிரச்சினையே!” என்றது ஆமை, நோயைக் கண்டுபிடித்துவிட்ட வைத்தியர் மாதிரி.

வௌவால் சும்மா இருக்குமா? “தலைகீழா தொங்கு! மனசுல இருக்கிறதெல்லாம் கொட்டிப் போயிடும்!” என்றது.

ஆள்காட்டியின் காலுக்குக் கிளையைப் பிடிக்கவே வராது. அந்தக் காலை வைத்துக்கொண்டு தொங்கிப் பார்த்தாள். தொப்பென்று விழுந்தாள்.

“விழுந்தப்போ முட்டை ஞாபகம் வந்துச்சா?”

“இல்லை, இடுப்புதான் வலிச்சுது.”

“அப்ப நல்லா வேலை செய்யுது!”

கடைசியில் கடா தொண்டையைச் செருமியது. “இன்னைக்குச் சாயங்காலம் நான் வரும்போது நீ கத்தக் கூடாது. ‘எல்லாம் நல்லபடியா நடக்கும்’னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே உட்காரு. அவ்வளவுதான் பயிற்சி.”

“அதுக்குப் பதிலா நீங்க கொஞ்சம் தள்ளி நடந்தா என்னண்ணே?”

“அடடா! உலகத்தை மாத்தப் பார்க்காதே, உன் மனசை மாத்து!”

ஆஹா, என்ன தத்துவம்! ஓணானின் தலை ஆடிய ஆட்டத்தில் கழுத்து சுளுக்கிக்கொண்டது.

சாயங்காலம் கடா வந்தது. வகுப்பு நடத்திய களைப்பில் அதற்குக் கண் பாதி மூடியிருந்தது. ஆள்காட்டி முட்டைகளின் அருகே நின்றாள். கத்தவில்லை. மூச்சை இழுத்தாள், விட்டாள். எல்லாம் நல்லபடியாக நடக்கும், நல்லபடியாக நடக்கும்...

குளம்பு இறங்கியது. ஒரு முட்டை நசுங்கிப் போனது.

கடா குனிந்து பார்த்தது. அதன் முகம் மலர்ந்தது.

“சபாஷ்! சத்தமே போடலையே! இதுவரைக்கும் நாலு முட்டைக் கவலை. இப்போ மூணுதான். ஒரே நாள்ல எவ்வளவு குறைஞ்சிருக்கு பார்த்தியா!”

சொல்லிவிட்டு அசைபோட்டபடி நடந்தது. ஆள்காட்டி உடைந்த ஓட்டைப் பார்த்தாள். துக்கம் பொங்கியது. அதற்குப் பின்னால் கோபம் வந்தது. அந்த மகராசனைவிட, அவன் பேச்சைக் கேட்டு வாயை மூடிய தன் மேல்தான் அவளுக்கு அதிகக் கோபம்.

மறுநாள் காலை கடா மேட்டில் ஏறும் முன்பே ஆள்காட்டி பாய்ந்துவிட்டாள். நேராக மூக்கில் ஒரு கொத்து! சிறகால் கண்ணில் ஓர் அறை! காதுக்குள் ஏரியே கிடுகிடுக்க ஒரு கத்தல்!

“ஐயோ! அம்மா! கொல்றாளே!” மன அமைதியில் ஊறிப்போன கடா வாலைத் தூக்கிக்கொண்டு ஓடிய ஓட்டத்தைக் காடே நின்று பார்த்தது.

அன்றிலிருந்து அது மேட்டை விட்டுவிட்டு, பக்கத்திலிருந்த வேப்பமரத்தைச் சுற்றிச் சேற்றுக்குப் போனது. சுற்று என்றால் பெரிய சுற்றில்லை, வாலை நாலு வீசு வீசுவதற்குள் கடந்துவிடலாம். ஆள்காட்டி கத்துவதும் குறைந்தது. மிச்சமிருந்த மூன்று முட்டைகளும் பொரிந்து, குஞ்சுகள் கல்லுக்குக் கல் ஓடின.

கடா மட்டும் சேற்றில் கிடந்தபடி எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தது: “பார்த்தீங்களா, நம்ம வகுப்புக்கு வந்த பிறகு அந்தப் பொண்ணு எவ்வளவு அமைதியாயிட்டா!”

நீதி: உன்னை மிதிக்கும் காலை நகர்த்தாமல், உன் மனதை மட்டும் அமைதியாக வைத்துக்கொள்ளச் சொல்பவரின் பேச்சைக் கேட்டு வாயை மூடாதே; அந்தக் கால் நகரும்வரை கத்து.