ஐந்து நாள் தள்ளிப்போன முதல் சால்

பச்சைக்கரைத் துண்டு ஒன்று. அதற்கு உரிமை கேட்ட தலைகள் மூன்று. அது யார் தலையில் ஏற வேண்டும் என்பதே புதிர். நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்கிறேன். எதையும் ஒளித்து வைக்கவில்லை.

பெரம்பலூர்ப் பக்கம் சாத்தனேரியில் சித்திரை மாதம் நல்லேர் பூட்டுவார்கள். ஊர் குறித்த நாளில், சீட்டில் பெயர் வந்தவர், சீட்டில் வந்த நிலத்தில் அந்த ஆண்டின் முதல் சால், அதாவது முதல் உழவுக் கோடு, ஓட்ட வேண்டும். அவருக்கு மரியாதையாகத் தலைத்துண்டு உண்டு. ஆனால் அதை அன்றே கட்டிவிடமாட்டார்கள். சால் நல்ல சாலா என்பது அறுப்பில்தானே தெரியும்? மக்காச்சோளம் களத்துக்கு வந்த பிறகு, நிலத்துக்காரர் தம் கையால் கட்டுவார்.

அந்த ஆண்டு சீட்டு அஞ்சலைக்கு விழுந்தது. சொந்த ட்ராக்டரைத் தானே ஓட்டுகிறவள். பெண்கள் பெயரையும் சீட்டில் எழுத வேண்டும் என்று மூன்று ஆண்டுகள் கேட்டு, அப்போதுதான் எழுத வைத்திருந்தாள். நிலம் தையல்நாயகியின் மூன்று ஏக்கர் கொல்லை. "விடிஞ்சதும் மொத சால் என்னுது, யக்கா" என்று அஞ்சலை அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள்.

நல்லேருக்கு இரண்டு நாள் முன்பு கனமழை பெய்தது. நல்லேர் அன்று காலை ஊரே வரப்பில் நின்றபோது மேல்மண் காய்ந்து வெளுத்திருந்தது. அஞ்சலை ட்ராக்டரை வண்டிப்பாதையிலேயே நிறுத்திவிட்டு இறங்கினாள். ஒரு சாண் தோண்டி, அடிமண்ணை எடுத்து உருட்டி, இடுப்பு உயரத்திலிருந்து போட்டாள். உருண்டை உடையவில்லை. அப்பளம் போலத் தட்டையாகி ஒட்டிக்கொண்டது.

"மேல காஞ்சிருக்கு, அடியில பதம் வரல. இப்ப வண்டிய எறக்குனா அடிமண்ணு அமுங்கி ஓடு மாதிரி ஆயிடும். தண்ணியும் எறங்காது, வேரும் எறங்காது. இன்னும் அஞ்சு நாளு பொறுக்கணும்" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்.

ஊரில் இன்னொரு ட்ராக்டர் வைத்திருந்த கலியபெருமாள் சிரித்தார். "காஞ்ச கொல்லையப் பாத்தே வண்டி பயந்துக்கிச்சா, தங்கச்சி?"

"வண்டிக்கு என்னாண்ணே பயம்? பயமெல்லாம் மண்ணுக்குத்தான்."

தையல்நாயகிக்கோ நாள் தவறினால் ஊர் பேசுமே என்ற தவிப்பு. அதைப் பார்த்து, ஊரில் இன்னும் மாட்டு ஏர் வைத்திருந்த செல்லமுத்து, தம் ஜோடி மாட்டை ஓட்டிவந்து நடு ஏக்கரில் நாட்டுக் கலப்பையை இறக்கினார். மூன்று சால் போனார். மூன்றாவது சாலின் பக்கம் பூசி மெழுகியதுபோல மின்னியது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கலப்பையின் கொழுமுனையைத் துடைத்தார். மாட்டை அவிழ்த்துக்கொண்டு புளியமர நிழலுக்குப் போய், ஒன்றும் பேசாமல் வெற்றிலை மடித்தார்.

"மூணு கீறலுக்குப் பேரு நல்லேரா?" என்று கலியபெருமாள், ட்ராக்டரில் பூட்டி மண்ணைப் பொடியாக்கும் ரொட்டவேட்டரைக் கிழக்கு ஏக்கரில் இறக்கி, ஏக்கர் முழுவதும் ஓட்டி முடித்தார். ஒரே கைத்தட்டல். அடுத்து நடு ஏக்கருக்கு வண்டியைத் திருப்பியபோது அஞ்சலை குறுக்கே வந்து நின்றாள்.

"யக்கா, துண்டு எனக்கு வேணாம். மிச்ச ரெண்டு ஏக்கர மட்டும் விடச் சொல்லு."

தையல்நாயகி அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "விட்டுருங்கண்ணே" என்றாள்.

ஐந்து நாள் கழித்து மண்ணுருண்டை விழுந்ததும் பொலபொலவென்று உதிர்ந்தது. அன்றே அஞ்சலை கொத்துக் கலப்பையால் நடு ஏக்கரையும் மேற்கு ஏக்கரையும் உழுதாள்.

புரட்டாசியில் மூன்று ஏக்கருக்கும் ஒரே விதை, ஒரே உரம். கிழக்கு ஏக்கர்தான் முதலில் முளைத்தது. மாவு சலித்தது போன்ற மேல்மண், ஒரே சீரான முளைப்பு. ஊர் கலியபெருமாளைப் புகழ்ந்தது. ஐப்பசியில் நான்கு நாள் அடைமழை. கிழக்கில் மட்டும் தண்ணீர் நின்றது, பயிர் மஞ்சளித்தது. அந்தப் பக்கம் தாழ்வாக இருக்கும் என்று சிலர் சொன்னதால், ட்யூபில் தண்ணீர் ஊற்றி மட்டம் பார்த்தார்கள். தாழ்வில்லை. கார்த்திகைக் காற்றில் கிழக்கில் பாதிப் பயிர் சாய்ந்தது. பிடுங்கிப் பார்த்தால், வேர் ஆறு விரற்கடை இறங்கி, அங்கே முழங்கால்போல மடங்கிப் பக்கவாட்டில் ஓடியிருந்தது. மற்ற இரண்டு ஏக்கரிலும் பயிரைப் பிடுங்கவே இரண்டு ஆள் வேண்டியிருந்தது. அறுப்பில் கிழக்கே பதினாறு மூட்டை. மற்றவை ஏக்கருக்கு இருபத்தாறு.

களத்தில் மூவரும் துண்டைக் கேட்டார்கள்.

"குறிச்ச நாள்ல ஒரு ஏக்கர முழுசா ஓட்டுனவன் நான். காத்தடிச்சதுக்கு நானா பொறுப்பு?" என்றார் கலியபெருமாள்.

"நாளும் தவறல, மண்ணும் கெடல. மொத சாலே என்னுது" என்றார் செல்லமுத்து.

"அன்னிக்கு வேணாம்னேன். இன்னிக்கு வேணும்" என்றாள் அஞ்சலை.

நாள் தவறியவள், வாக்குத் தவறியவள், ஊர் முன்னால் துண்டையே வேண்டாம் என்றவள் அவள். அப்படியானால், அந்தத் துண்டு யாருக்குச் சேர வேண்டும்?

விடை: அஞ்சலைக்கு. கலியபெருமாள் கெட்டவர் அல்ல. வெளுத்த மேல்மண்ணை நம்பி, அடிமண்ணைத் தொட்டுப் பார்க்காதவர். செல்லமுத்துவின் வழக்கே வலுவானது, அதில்தான் பலரும் சறுக்குவார்கள். சால் மின்னியதும் அவர் ஏன் நிறுத்தினார்? மண் அமுங்குகிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும், அடுத்த ஏக்கரில் ரொட்டவேட்டர் இறங்கியபோது அவர் வாயில் வெற்றிலைதான் இருந்தது. அஞ்சலை தெரிந்ததைச் சொன்னாள். சொல் எடுபடாதபோது, மூன்று ஆண்டுகள் கேட்டுப் பெற்றதையே விலையாக வைத்து, தனக்குச் சொந்தமில்லாத மண்ணை மீட்டாள். தையல்நாயகியும் இப்படித்தான் தீர்த்தாள். பெண் தலையில் எப்படிக் கட்டுவது, தோளில் போட்டால் போதாதா என்று யாரோ கேட்டார்கள். அஞ்சலை குனியவில்லை. நெட்டையான அவள் தலைக்கு எட்டாமல், தையல்நாயகிதான் மக்காச்சோள மூட்டைமேல் ஏறி நின்று கட்டினாள்.