மூன்று அசை

"இங்கிலீஷ் வார்த்தைய எங்க வெட்டணும், எங்க ஒட்டணும்னே பிடிபட மாட்டேங்குது மிஸ்" என்றார் நர்ஸ் ஜெசிந்தா.

வயது நாற்பத்தேழு. வெளிநாட்டு ஆஸ்பத்திரி வேலைக்கான ஆங்கிலப் பேச்சுத் தேர்வில் இரண்டு முறை கோட்டை விட்டாயிற்று. நாளை மூன்றாவது முறை. இதுவும் போனால் வேலையும் போச்சு.

குற்றவாளி ஒன்றுதான். இரண்டு சொல் ஒட்டிக்கொண்டு ஒரே சொல்லாய் நிற்கிற ஆங்கிலப் பெயரடை. அதைப் பார்த்தாலே ஜெசிந்தா விரல் விட்டு அசை எண்ண ஆரம்பித்துவிடுவார். ஒவ்வொன்றையும் ஆணி அடிப்பதுபோல ஒரே கனத்தில் அடிப்பார்.

"வெல். டி. ஃபைண்ட்."

'ஓரம் தெளிவான' என்கிற ஒரு சொல்லுக்கு மூன்று விரல் மடங்கும்.

"போன தடவை என்ன ஆச்சு சிஸ்டர்?" என்று கேட்டார் நூர்ஜகான் மிஸ். பாளையங்கோட்டை மாடியறையில் வகுப்பு நடத்துபவர். ஜெசிந்தாவைவிடப் பதினைந்து வயது இளையவர்.

"பரீட்சை வைக்கிறவரு நோயாளியா நடிச்சாரு. அவருக்கு இருக்க கட்டியப் பத்தி விளக்கணும். விளக்கினேன். 'எனக்கு ஒண்ணும் விளங்கல'ன்னுட்டாரு. ஒரு அசைகூட விடல மிஸ்!"

மிஸ் இழுப்பறையிலிருந்து ஒட்டியபடியே கிடந்த உறையை எடுத்து நீட்டினார்.

"இத வாசிங்க. சத்தமா."

ஜெசிந்தா கிழித்தார். லேப் ரிப்போர்ட். மார்புக் கட்டியில் ஊசி குத்தி எடுத்த சோதனை. பெயர்: நூர்ஜகான்.

"இது எப்ப வந்திச்சு?"

"திங்கக்கிழமை."

இன்று வெள்ளி. நாலு நாளாய் இதைப் பிரிக்கப் பயந்துகொண்டு எனக்கு அசை பிரித்துக் காட்டியிருக்கிறதே இந்தப் பெண்! ஜெசிந்தா மிஸ்ஸை நிமிர்ந்து பார்த்தார்.

"வாசிங்க சிஸ்டர். இங்கிலீஷ்லயே."

மிஸ்ஸின் கை மேசை விளிம்பை இறுகப் பிடித்திருந்தது.

ஜெசிந்தா முதலில் கண்ணாலேயே கடைசி வரிவரை ஓடித் திரும்பினார். பிறகு தாளைக் கீழே வைத்தார். இரண்டு கையாலும் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, முகத்தைப் பார்த்து ஆங்கிலத்தில் சொல்ல ஆரம்பித்தார்.

"வெல்-டிஃபைண்ட்" வந்தது. தொடக்கத்தை லேசாய்த் தொட்டு, முடிவில் அழுந்தி, நடுவில் எங்கும் நிற்காமல் வந்து போனது. சொன்னவர் அதைக் கவனிக்கவே இல்லை. அடுத்த வரிக்குப் போய்விட்டார்.

கடைசி வரியை மட்டும் தமிழில் இன்னொரு தடவை சொன்னார்.

"ஓரம் தெளிவா இருக்க சாதாரணக் கட்டிதாம்மா. புத்துநோய் இல்ல."

நூர்ஜகான் அழுதார். தேம்பித் தேம்பி அழுதார்.

அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"வெல்-டிஃபைண்ட்னு சொன்னீங்களே சிஸ்டர், எத்தனை அசை எண்ணினீங்க?"

ஜெசிந்தா தன் விரல்களைத் தேடினார்.

பத்தும் மிஸ்ஸின் கையைப் பிடித்திருந்தன.